வீடு என்னும் விதிவிலக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வறியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிகெய்டு என்னும் பொதுத்திட்டம், ஒரே மனிதரின் ஒரே தேவைக்கு இருவேறு நிலைகளை வகுத்து வைத்திருக்கிறது. குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் படுக்கையை விட்டு எழவும் பிறர் துணை வேண்டியிருக்கும் ஒருவர் நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்துவிட்டால் அத்துணை அவருக்கு உரிமையாகிறது; அதே துணையைத் தம் வீட்டில் இருந்தபடியே நாள்தோறும் பெற விரும்பினால், மாநில அரசு மனம் வைத்தால் மட்டுமே கிடைக்கும் சலுகையாகிவிடுகிறது. முன்னது சட்டத்தின் விதி. பின்னதற்குச் சட்டமே சூட்டியிருக்கும் பெயர் 'விலக்கு'. காப்பகத்தில் வாழ்வதை விதியாகவும் தம் வீட்டில் வாழ்வதை விலக்காகவும் எழுதிவைத்த இச்சட்டம் அறுபது ஆண்டுகளாக எவ்வாறு சிறுகச் சிறுகத் திருத்தப்பட்டு வந்தது, எங்கே இன்னும் திருந்தாமல் நிற்கிறது என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது முதற்கண் தேவை. 1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஒரே சட்டத்தில் கையொப்பமிட்டு இரு திட்டங்களைத் தோற்றுவித்தார். மெடிகேர் என்பது 65 வயது நிரம்பியோருக்கான நடுவண் அரசின் காப்பீடு. பின்னர் ஊனமுற்றோரில் ஒரு பகுதியினரும் அதில் சேர்க்கப்பட்டனர். மெடிகெய்டு என்பது நடுவண் அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் உதவித் திட்டம். அதன் பெரும்பாலான செலவில் குறைந்தது பாதியை நடுவண் அரசு ஏற்கிறது. வறிய மாநிலங்களுக்கு அப்பங்கு இன்னும் மிகுதி. முதுமையிலோ ஊனத்திலோ ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் அன்றாடத் துணைக்கு மெடிகேர் பணம் தருவதில்லை என்பதை அமெரிக்கர்களிலேயே பலர் காலம் கடந்துதான் அறிகின்றனர். அச்சுமையைத் தாங்குவது மெடிகெய்டே. 'நர்சிங் ஹோம்' என்னும் சொல்லுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் அச்சொல் அறுவைச் சிகிச்சையும் மகப்பேறும் நடைபெறும் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். நோயாளி நான்கைந்து நாளில் குணமாகி வீடு திரும்புவார். அமெரிக்காவில் அது நெடுங்காலம், பெரும்பாலும் இறுதிவரை, தங்கிப் பராமரிக்கப்படும் இடத்தைக் குறிக்கிறது. இவ்வுரையில் அது 'பராமரிப்பு நிலையம்' என்றே வழங்கப்படும்.

1965இல் சட்டம் இயற்றியோர் கண்ணில் இருந்தது மருத்துவமனையும் அதன் நீட்சியாகிய பராமரிப்பு நிலையமும்தான். அதற்கு முந்தைய வரலாறும் அத்திசையிலேயே இழுத்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், ஊராட்சிகள் நடத்திவந்த வறியோர் விடுதிகள் மீது கொண்ட அருவருப்பால், அரசு விடுதிகளில் இருப்போருக்கு முதியோர் உதவித்தொகை கிடையாதென விதித்தது. அத்தொகையைக் கையில் பெற்ற முதியோரை ஏற்றுக்கொள்ளத் தனியார் விடுதிகள் பெருகின. மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் மெடிகெய்டு பிறந்தபோது, பணத்தைக் கொண்டு சேர்ப்பதற்கு ஆயத்தமாக நின்ற இடங்கள் அவைதாம். 1971இல் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான பெருங்காப்பகங்களும் மெடிகெய்டு பணத்தைப் பெறலாமென்று சட்டம் விரிவடைந்தது. நிலைமையைச் சீராக்கவே அது கொண்டுவரப்பட்டதென்றாலும், காப்பகத்தின் சுவர்களுக்குள் மட்டுமே பாயும் வாய்க்காலாக அது அமைந்துவிட்டது.

அச்சுவர்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்பது மறைந்து கிடக்கவில்லை. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் அரசுப் பள்ளி 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1965இல் செனட்டர் ராபர்ட் கென்னடி அதைப் பார்வையிட்டபோது 6,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். பெயரளவில் பள்ளி என்றாலும் குழந்தைகள் பலர் ஆடையின்றித் தரையில் கிடந்தனர். 1966இல் பர்ட்டன் பிளாட் என்னும் கல்வியாளர் நிழற்படக் கலைஞர் பிரெட் கப்லானுடன் சேர்ந்து, இடுப்புவாரில் மறைத்த கேமராவால் இத்தகைய காப்பகங்களில் எடுத்த படங்களை நூலாக வெளியிட்டார். 1972இல் ஹெரால்டோ ரிவேரா என்னும் இளம் செய்தியாளர் வில்லோபுரூக்கின் உட்புறத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975இல் அரசு பணிந்து உடன்பாடு கண்டது. 1987இல் காப்பகம் மூடப்பட்டது. பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்டும் நீண்ட வழக்குகளுக்குப் பின் அதே ஆண்டில் மூடப்பட்டது. அறிவுசார் குறைபாடு உடையோர் நாடு முழுவதும் அரசுப் பெருங்காப்பகங்களில் அடைபட்டிருந்த எண்ணிக்கை 1967இல் ஏறத்தாழ 1,95,000 என்னும் உச்சத்தைத் தொட்டது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வீழ்ச்சிக்கு நீதிமன்றங்களின் தீர்ப்புகளே காரணம் என்று சொல்வது பாதி உண்மைதான். காப்பகத்தை விட்டு வெளியே வந்தவருக்குக் காலையில் எழுப்பி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஊதியம் தரும் வழி இல்லாத இடத்தில் தீர்ப்பு வெறும் தாளாகவே கிடக்கும்.

காப்பகம் வேண்டாம் என்ற குரல் பெற்றோரிடமிருந்து மட்டும் எழவில்லை. பதினான்காம் வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி, இரும்பு நுரையீரல் என்னும் மூச்சுக் கருவியில் உறங்கவேண்டியிருந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மாணவர் விடுதிகளின் தளம் அவ்வியந்திரத்தின் எடையைத் தாங்காதென்பதால் வளாக மருத்துவமனையின் ஓர் அறையில் தங்கிப் படித்தார். அவரும் அவருக்குப் பின் அங்கு வந்த மாணவர்களும் தம் உதவியாளர்களைத் தாமே தேர்ந்து, தாமே வேலை பயிற்றி, தேவையானால் தாமே விலக்கும் வழக்கத்தை உருவாக்கினர். 1972இல் பெர்க்லியில் தோன்றிய தற்சார்பு வாழ்வு மையம் அவ்வழக்கத்தை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தது. தற்சார்பு என்றால் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வது என்று பொருளல்ல. எந்த வேலையை, எப்போது, யார் கையால் செய்வது என்பதைத் தானே தீர்மானிப்பது என்பதே பொருள். சட்டையின் பொத்தானை மாட்ட அரைமணி நேரம் போராடுவதைவிட, அதை ஒரு நிமிடத்தில் மாட்டிவிட ஒருவரை அமர்த்திக்கொண்டு மிஞ்சிய நேரத்தில் வேலைக்குப் போவதே தற்சார்பு என்னும் இப்பார்வை, பிற்காலத்து வீட்டுச் சேவைகளின் உயிர்நாடியாயிற்று.

சட்டத்தில் விழுந்த தொடக்க விரிசல்களுள் ஒன்றுக்குக் காரணம் மூன்று வயதுக் குழந்தை ஒன்று. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், ஐந்தாம் மாதத்தில் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாகி, மூச்சுக்கு வென்டிலேட்டரைச் சார்ந்து மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். குடும்பத்தின் தனியார் காப்பீடு தீர்ந்தபின் மெடிகெய்டு செலவை ஏற்றது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்னும் நிலைக்குக் குழந்தை தேறியபோதுதான் விதியின் உண்மை முகம் வெளிப்பட்டது. குழந்தை மருத்துவமனையில் இருக்கும்வரை பெற்றோரின் வருமானம் கணக்கில் கொள்ளப்படாது. வீட்டுக்குள் கால்வைத்த கணமே அவ்வருமானம் குழந்தையுடையதாகக் கருதப்படும், குழந்தை வறியவள் அல்லள் என்று தீர்மானிக்கப்படும், உதவி நின்றுபோகும். மருத்துவமனையில் ஆகும் செலவில் ஆறில் ஒரு பங்கே வீட்டில் ஆகும் என்றிருந்தும், அந்த ஆறில் ஒரு பங்கைத் தர விதி இடம் கொடுக்கவில்லை. 1981 நவம்பர் 10 அன்று செய்தியாளர் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன், அரசு விதிகளின் மூடத்தனத்துக்குச் சான்றாக இக்குழந்தையைச் சுட்டினார். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்பே, அவள் வீடு சேர்ந்தாள். மறு ஆண்டில், இத்தகைய குழந்தைகளின் தகுதியைக் கணக்கிடும்போது பெற்றோர் வருமானத்தை ஒதுக்கிவைக்க மாநிலங்களுக்கு விருப்ப உரிமை அளிக்கப்பட்டது. அது இன்றளவும் பெக்கெட்டின் பெயராலேயே வழங்குகிறது. மூச்சுக் கருவியோடு கல்லூரி சென்று படித்து, ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்த அவர், 2012 மே மாதம் 34ஆம் வயதில் காலமானார்.

பெக்கெட்டின் நிலையை ரீகன் சுட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1981 ஆகஸ்டில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்தின் உள்ளே அதிக ஓசையின்றி நுழைந்திருந்தது, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1915(சி) என்னும் உட்பிரிவு. 'வீடு மற்றும் சமூகம் சார்ந்த சேவைகள்' என்னும் தொடர் இதன்வழியே சட்டமொழி ஆயிற்று. காப்பகத்தில் சேர்க்கத்தக்க அளவு தேவை உடையோருக்கு, அவர்கள் காப்பகத்தில் சேராமலேயே, வீட்டிலும் ஊரிலும் சேவையளிக்க மாநிலம் விண்ணப்பிக்கலாம். நடுவண் அரசு மெடிகெய்டின் பொது விதிகள் சிலவற்றிலிருந்து அம்மாநிலத்துக்கு விலக்களிக்கும். மாநிலம் முழுவதும் ஒரே சேவை என்னும் விதியும், தகுதியுடைய அனைவருக்கும் சமமாக என்னும் விதியும் இவ்வாறு தளர்த்தப்படுவனவற்றுள் முதன்மையானவை. இதற்குக் கைம்மாறாக, வீட்டுச் சேவைக்குத் தலைக்கு ஆகும் சராசரிச் செலவு காப்பகச் செலவை விஞ்சாதென்று மாநிலம் கணக்குக் காட்டவேண்டும். முதல் விலக்கைப் பெற்ற மாநிலம் ஓரிகன். இன்று நாட்டில் இத்தகைய விலக்குத் திட்டங்கள் 250-க்கும் மேல். மாநிலத்துக்கு ஒன்று என்றும் இல்லை, அறிவுசார் குறைபாடு உடையோர்க்கு ஒன்று, முதியோர்க்கு ஒன்று, மூளைக்காயம் உற்றோர்க்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன.

விலக்கு என்னும் சொல்லின் முழு எடையும் மாநிலம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டலாம் என்னும் ஏற்பாட்டில்தான் இறங்குகிறது. பராமரிப்பு நிலையத்தில் இடம் கேட்கும் தகுதியாளரை மெடிகெய்டு காத்திருக்கச் சொல்ல முடியாது. விலக்குத் திட்டத்திலோ இத்தனை இடங்கள் என்று முன்கூட்டியே வரையறுத்து, நிரம்பியதும் கதவைச் சாத்திவிடலாம். வெளியே நிற்போர் வரிசையே காத்திருப்போர் பட்டியல்.

இச்சேவைகள் யாவை என்பதைச் சட்டத்தின் பட்டியலைக் கொண்டு அறிவதைவிட, கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் காலைப் பொழுதைக் கொண்டு அறிவது நன்று. உதவியாளர் வந்ததும் முதலில் இரவெல்லாம் நிறைந்த சிறுநீர்ப் பையை வடிப்பார். பிறகு உடலைப் பக்கவாட்டில் புரட்டி, வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். உணர்வற்ற உடலில் இன்றைய சிவப்பு அடுத்த வாரத்தின் படுக்கைப் புண். விறைத்த கைகால்களை நீட்டி மடக்கிப் பதப்படுத்துதல், மலம் கழிக்க மருந்து வைத்துக் காத்திருத்தல், துடைத்தல், குளிப்பாட்டுதல் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கழியும். உடுத்திவிடும்போது முதுகுப்புறத்துச் சட்டையை இழுத்துச் சுருக்கம் நீவவேண்டும். நாள் முழுதும் அழுத்தினால் ஒரு மடிப்பே புண்ணாகிவிடும். தூக்குப் பட்டையைக் கீழே செருகி, பளுதூக்கியால் உடலை எழுப்பி, மின்சக்கர நாற்காலியில் இறக்கி, இடுப்பு நேராக அமர்ந்ததா என்று சரிபார்த்தபின்தான் முதல் வாய் காபி. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இப்பணி நடந்தால் அவர் அலுவலகம் போகிறார், வரி கட்டுகிறார், மாலையில் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். உதவியாளர் வராத அன்று படுக்கையிலேயே கிடக்கிறார். இத்துணையின் அளவைத் தீர்மானிக்க மாநிலத்தின் மதிப்பீட்டாளர் ஆண்டுக்கொரு முறை படிவத்தோடு வருவார். குளிப்பதற்கு இத்தனை நிமிடம், உண்பதற்கு இத்தனை நிமிடம் என்று கூட்டி வாரத்துக்கு இத்தனை மணி என முடிவு செய்யும் முறை பல மாநிலங்களில் உண்டு. அன்றாட உடலுதவியோடு, வீட்டில் சாய்தளம் அமைத்தல், வேலைத்தலத்தில் பயிற்றுநர் துணை, போக்குவரத்து, பகல்நேர மையம், பராமரிக்கும் தாய்க்குச் சில நாள் ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பு ஆகியவற்றையும் விலக்குத் திட்டங்கள் வழங்குகின்றன. வீட்டு வாடகையையும் உணவுச் செலவையும் அவை தருவதில்லை. பராமரிப்பு நிலையத்தில் கூரையும் சோறும் மெடிகெய்டு கட்டணத்தில் அடக்கம் என்பதையும் வெளியில் அவை அடக்கமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தராசு எப்பக்கம் சாய்ந்திருக்கிறதென்று தெரியும்.

விருப்பத்தால் தரப்படும் சலுகை என்னும் நிலையை அசைத்த நிகழ்வு 1999 ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓம்ஸ்டெட் தீர்ப்பு. அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநில மனநல மருத்துவமனையில் இருந்த லோயிஸ் கர்ட்டிஸ், இலேன் வில்சன் என்னும் இரு பெண்களும் வெளியே வாழத் தகுதியானோர் என்று மருத்துவர்களே கூறியபின்னும் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தனர். கர்ட்டிஸ் தம் பதின்ம வயதின் தொடக்கத்திலிருந்தே காப்பகங்களில் கழித்தவர். அட்லாண்டா சட்ட உதவிச் சங்கத்துக்கு அவர் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் எழுப்பிய கேள்வி, எப்போது என்னை வெளியே கொண்டுவருவீர்கள் என்பதுதான். அச்சங்கத்தின் வழக்கறிஞர் சூ ஜேமிசன் 1995இல் வழக்குத் தொடுத்தார். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, தேவையின்றி ஒருவரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைப்பதே பாகுபாடு என்று ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் இரு காரணங்கள் கூறினார். பிரித்து வைத்தல், இவர்கள் சமூக வாழ்வுக்கு உதவாதவர்கள் என்னும் பொய்யான எண்ணத்தை ஊரில் நிலைநிறுத்துகிறது. மேலும் உற்றார் உறவு, நட்பு, வேலை, கல்வி, கலை ஆகிய அன்றாட வாழ்வின் கூறுகளை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. கர்ட்டிஸ் தம் சொந்த இருப்பிடம் பெற்று ஓவியராகப் பெயர் பெற்றார், 2011இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஒபாமாவுக்குத் தாம் தீட்டிய ஓவியத்தை வழங்கினார், 2022இல் மறைந்தார்.

எனினும் அத்தீர்ப்பு நிபந்தனைகளோடு கூடியது. வெளியே வாழ்வது பொருந்தும் என்று மருத்துவ அறிஞர் கூறவேண்டும். அந்நபர் அதை மறுக்காதிருக்கவேண்டும். மாநிலத்தின் நிதிநிலைக்கும் பிறர் தேவைக்கும் அது இயையவேண்டும். காத்திருப்போர் பட்டியல் நியாயமான வேகத்தில் நகருமானால் மாநிலம் தன் கடமையைச் செய்ததாகும் என்றும் தீர்ப்பு இடம் விட்டது. இவ்விடைவெளியில்தான் கால் நூற்றாண்டு கழிந்திருக்கிறது. உரிமையை ஒரு கையால் தந்து அதன் காலத்தை மறுகையில் பிடித்துக்கொண்ட தீர்ப்பு என்று இதைக் குறை சொல்வது எளிது. ஆயினும் இத்தீர்ப்பு இல்லாதிருந்தால் பல மாநிலங்கள் பட்டியலைக்கூடத் திறந்திருக்க மாட்டா என்பதையும் மறுப்பதற்கில்லை.

விலக்கை விதியாக மாற்ற நேரடியாக முயன்றோரும் உண்டு. டென்வர் நகரின் ஒரு பராமரிப்பு நிலையத்தில் அடைபட்டிருந்த இளைஞர்களை வேட் பிளாங்க் என்னும் போதகர் வெளியே கொண்டுவந்து குடியமர்த்தினார். 1978 ஜூலையில் அவர்களுள் பத்தொன்பது பேர் நகரப் பேருந்துகளை மறித்து இரவெல்லாம் சாலையில் கிடந்த போராட்டமே அடாப்ட் என்னும் இயக்கத்துக்கு வித்து. பேருந்தில் ஏறும் உரிமையை வென்றபின் அவ்வியக்கம் வீட்டுச் சேவையைக் கையில் எடுத்தது. வீட்டில் பெறும் உடலுதவியைப் பராமரிப்பு நிலையத்துக்கு ஈடான உரிமையாக்கும் மசோதா 1997இல் நாடாளுமன்றக் கீழவையில் அறிமுகமானது; அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'மி காசா' என்று அமைந்தன; ஸ்பானிய மொழியில் 'என் வீடு' என்று பொருள். அறிமுகம் செய்தவர் அவைத்தலைவரும் குடியரசுக் கட்சியின் முன்னணித் தலைவருமான நியூட் கிங்ரிச் என்பது, இப்பொருள் கட்சி எல்லைக்குள் அடங்காதிருந்த காலத்தைக் காட்டுகிறது. பின்னர் வேறு பெயர்களில், வேறு உறுப்பினர்களால், பலமுறை கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்கான விடை, வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு கணக்கில் இருக்கிறது. வீட்டுச் சேவையை உரிமையாக்கினால், இதுவரை அரசின் உதவியின்றிச் சமாளித்துவரும் குடும்பங்கள் அனைத்தும் விண்ணப்பிக்கும் என்று வரவுசெலவு அலுவலர்கள் அஞ்சுகின்றனர். பராமரிப்பு நிலையத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை என்பதாலேயே அதை உரிமையாக வைத்திருக்க முடிகிறது. வீட்டை எல்லோரும் விரும்புவர் என்பதாலேயே அதற்கு வரம்பு வேண்டியிருக்கிறது. சிக்கனம் என்று இவ்வேற்பாட்டுக்குப் பெயரிடலாம். ஆனால் அச்சிக்கனத்தின் முதல் எது என்று கேட்டால், வேலையை விட்டுவிட்டு மகனை இருபது வயதிலும் தூக்கிக் குளிப்பாட்டும் தாயின் கூலியில்லா உழைப்பு என்பதைத் தவிர வேறு விடை கிடையாது.

மாநிலங்களின் விலக்குத் திட்டங்களில் இடம் வேண்டிக் காத்திருப்போரை ஆண்டுதோறும் எண்ணிவரும் கே.எஃப்.எஃப். என்னும் நலவாழ்வுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 2024இல் அவர்கள் தொகை 7 லட்சத்தைத் தாண்டியது. மிகப் பெரும்பாலோர் அறிவுசார் அல்லது வளர்ச்சிக் குறைபாடு உடையோர். டெக்சாஸ் மாநிலம் பட்டியலுக்கு 'ஆர்வப் பட்டியல்' என்று பெயர் வைத்திருக்கிறது. தகுதியைச் சோதிக்காமல் பெயரைப் பதிவுசெய்து வந்த வரிசையில் அழைப்பதால், அங்கே பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பது வியப்பன்று. குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் கூறிய வாரத்திலேயே பெயரைப் பதிவுசெய்யுமாறு மூத்த பெற்றோர் புதிய பெற்றோருக்கு அறிவுறுத்துவதும், இரண்டு வயதில் பதிந்த பெயருக்குப் பதினைந்து வயதில் அழைப்பு வருவதும் இம்முறையின் விளைவுகள். மேலும், விலக்கு மாநில எல்லையைத் தாண்டாது. ஒரு மாநிலத்தில் இடம் பெற்றவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே வரிசையின் கடைசியில் புதிதாக நிற்கவேண்டும். பணிமாறுதலால் அலையும் படைவீரர் குடும்பங்களும், ஒப்பந்த வேலைக்காக மாநிலம் மாறும் மென்பொருள் பணியாளர் குடும்பங்களும், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, நல்ல வேலையா பிள்ளையின் வரிசை எண்ணா என்று எடைபோட வேண்டியிருப்பது இதனால்தான். விலக்கை மட்டும் நம்பியிராத வழியும் உண்டு என்பதற்குக் கலிபோர்னியா சான்று: 1969இல் தோன்றிய லாண்டர்மன் சட்டம், வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான சேவையை அம்மாநிலத்தில் உரிமையாகவே நிறுவி, 21 வட்டார மையங்களின்வழி வழங்குகிறது.

சேவையை வழங்கும் கைகளைப் பற்றிய வரலாறு தனிச் சொற்பொழிவுக்கு உரியது. வீட்டுப் பணியாளருக்கு 1938ஆம் ஆண்டின் ஊதியச் சட்டம் பாதுகாப்பளிக்கவில்லை. அன்று அவ்வேலையைச் செய்தோரில் மிகப் பலர் கருப்பினப் பெண்கள். 1974இல் அச்சட்டம் விரிந்தபோதும், முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் 'துணையாக இருப்போர்' விலக்கப்பட்டனர். ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் பல ஆண்டுகள் இருபத்து நான்கு மணிநேர முறைகளிலும் உழைத்த ஈவ்லின் கோக் மிகுநேர ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2007இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்த்தது. தொழிலாளர் துறை 2013இல் விதியை மாற்றியபோது கோக் உயிரோடு இல்லை. 2025 ஜூலையில் அந்த மாற்றத்தையே நீக்கத் துறை முன்மொழிந்தது. மணிக்கு 17 டாலர் அளவிலேயே நிற்கும் ஊதியத்துக்கு இன்னொருவரின் உடலைத் தூக்கவும் துடைக்கவும் ஆள் கிடைப்பது அரிது. கிடங்கிலும் கடையிலும் அதே பணத்துக்கு இடுப்பு நோகாத வேலை இருக்கிறது. ஆகவே பட்டியலில் இடம் கிடைத்தவருக்கும், அனுமதித்த மணிநேரத்துக்கு ஆள் கிடைக்காமல் போகிறது. வீட்டுப் பராமரிப்புக்கு மெடிகெய்டு செலுத்தும் தொகையில் 80 விழுக்காடு பணியாளரின் கைக்கே சேரவேண்டும் என்னும் 2024ஆம் ஆண்டின் விதி இந்நிலையை மாற்றும் நோக்குடையது. நிறைவேற்ற ஆறாண்டு அவகாசம் தரப்பட்டது.

காப்பகத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் வீடாகிவிடுமா என்னும் கேள்விக்கு நடுவண் அரசு 2014இல் விடை எழுத முற்பட்டது. நால்வரோ அறுவரோ கூடி வாழும் குழு இல்லங்களில் பல, சிறிய காப்பகங்களாகவே நடந்துவந்தன. விலக்குத் திட்டத்தின் பணம் பெறும் இல்லத்தில் வாழ்பவருக்குத் தம் அறைக்கதவைப் பூட்டும் உரிமை, உடன் தங்குபவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, வேண்டியபோது உணவு எடுக்கும் உரிமை, விரும்பிய நேரத்தில் விருந்தினரை வரவேற்கும் உரிமை, வாடகைதாரருக்கு ஈடான ஒப்பந்தம் ஆகியன இருக்கவேண்டுமென அவ்விதி வரையறுத்தது. நிறைவேற்றும் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய் 2023 மார்ச் 17இல் வந்து நின்றது. நள்ளிரவில் பசித்தால் எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறக்கலாம் என்பதை ஒரு நாட்டின் நடுவண் அரசு விதியாக எழுதவேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அதற்கு முன் எத்தனை பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தன என்பது விளங்கும்.

சேவை பெறுவோர் வறியோராகவே நீடிக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் உடனிருக்கிறது. பல மாநிலங்களில் தனிநபர் சேமிப்பின் வரம்பு 2,000 டாலர். இவ்வெண்ணைத் தந்த, வறிய முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் உதவித்தொகை தரும் நடுவண் அரசின் துணை வருமானத் திட்டத்தில் அது 1989க்குப் பின் உயரவில்லை. வேலை செய்வோருக்கான சிறப்பு வழிகளும், 2014இல் சட்டமான, ஊனமுற்றோருக்கான தனிச் சேமிப்புக் கணக்குகளும் கட்டைச் சற்றே தளர்த்தியுள்ளன. ஆயினும் பதவி உயர்வை மறுப்போரும், துணைவரின் சேமிப்பால் சேவை பறிபோகும் என்று மணம் முடிக்காமலே சேர்ந்து வாழ்வோரும் இன்னும் இருக்கின்றனர்.

இத்தனை தடைகளுக்கிடையிலும் நீரோட்டம் திசை மாறியது. 2013 நிதியாண்டில், நீண்டகாலத் துணைக்கு மெடிகெய்டு செலவிடும் தொகையில் வீட்டுச் சேவையின் பங்கு முதன்முறையாகப் பாதியைக் கடந்தது. இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இச்சேவைகளைப் பெறுகின்றனர். ஆனால் சட்டத்தில் அவை விருப்பத்துக்கு உட்பட்டவையாகவே இருப்பதால், பணம் சுருங்கும் வேளையில் மாநிலம் கை வைக்கக்கூடிய முதல் இடமும் அவையே. 2017இல் மெடிகெய்டுக்கு நடுவண் அரசு தரும் தொகைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டும் மசோதா வந்தபோது, அடாப்ட் இயக்கத்தினர் செனட் பெரும்பான்மைத் தலைவரின் அலுவலக வாயிலில் கிடந்து மறியல் செய்தனர். காவலர்கள் அவர்களைச் சக்கர நாற்காலிகளிலிருந்து தூக்கிச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. அன்றும் ஜூன் 22; ஓம்ஸ்டெட் தீர்ப்பின் நாள். அடுத்த மாதம் செனட்டில் அம்முயற்சி தோற்றது.

2025 ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டம் மெடிகெய்டுக்கான நடுவண் செலவை, பத்தாண்டில் ஏறத்தாழ 90,000 கோடி டாலர் அளவுக்குக் குறைக்கும் என்று கணிக்கப்பட்டுள்ளது. வீட்டுச் சேவையை அது பெயர் சொல்லி வெட்டவில்லை. குறையும் பணத்தை எங்கே ஈடுகட்டுவதென்று ஒவ்வொரு மாநிலமும் தன் சேவைப் பட்டியலைப் பார்க்கவேண்டும்; அப்பட்டியலில் பராமரிப்பு நிலையம் கட்டாயம் என்றும் வீடு விருப்பம் என்றும் எழுதியிருக்கும். அதே சட்டம் வீட்டுச் சேவைக்குப் புதிய வழி ஒன்றையும் திறந்திருக்கிறது. காப்பகத்தில் சேர்க்கும் அளவு தேவை இல்லாதோருக்கும், ஏற்கெனவே காத்திருப்போரின் காலம் நீளாதென்று காட்டினால், 2028 ஜூலை 1 முதல் மாநிலங்கள் சேவையளிக்கலாம். அதற்குரிய அனுமதிக்கும் சட்டம் வைத்திருக்கும் பெயர் விலக்கு என்பதுதான்.